வெள்ளைத் தோல், கறுப்பு முகமூடி: ‘வாழ்ந்திருக்கிறார்’ என்ற பாராட்டைக் குறித்து

தமிழில் சினிமா விமர்சனம் எழுதுகிற பலரும் கூச்சமில்லாமல் பயன்படுத்தும் ஒரு சொல் ‘வாழ்ந்திருக்கிறார்’. நன்றாக நடித்திருக்கிறார் என்று எழுத நமக்கு ஏனோ மனசு ஒப்புவதில்லை. நடிப்பு பொய், வாழ்வது மெய் என்பதாக ஒரு எண்ணம் உள்ளே கிடக்கிறது போலும். சிவாஜி கணேசனைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் பெரிய தீங்கு எதையும் செய்துவிடவில்லை. அவர் நடிக்கிறார் என்பது கொட்டகைக்கு வெளியே நிற்பவனுக்கும் தெரியும். ஆனால் கறுப்பாக இருக்கும் ஒரு நடிகை ஏழைப் பெண்ணாக நடிக்கும்போது இதே சொல் வேறு வேலை செய்கிறது. பாராட்டுவதுபோலப் பாராட்டி அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கப்படுவது என்ன என்பதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

2020இல் பரவலாகக் கேட்கப்பட்ட ஓர் உரை, ஐஸ்வர்யா ராஜேஷ் திருச்சி ஐ.ஐ.எம்.மின் டெட்எக்ஸ் மேடையில் பேசியது. சென்னையில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்தது, சின்ன வயதிலேயே அப்பா இறந்தது, பிறகு அண்ணன்களில் இருவர் இறந்தது, அம்மா எல்.ஐ.சி. ஏஜெண்டாக இருந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது, பதினோராம் வகுப்பில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்று சாக்லேட் சாஸை விளம்பரப்படுத்தி 225 ரூபாய் சம்பாதித்தது என்று அந்த உரை போகும். இந்தப் பகுதிதான் எல்லோரையும் உருக்கியது. உழைத்து முன்னேறியவள் கதை நம் நடுத்தர வர்க்கத்துக்கு எப்போதும் பிடித்தமானது. யாரும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை பாருங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கடுத்த பகுதி. வாய்ப்புக் கேட்டுப் போன இடங்களில் நிறம், தோற்றம், உடுத்தும் விதம், தமிழ் பேசுகிற பெண்ணாக இருப்பது எல்லாமே குறையாகப் பார்க்கப்பட்டதை அவர் சொல்கிறார். ஒரு இயக்குநர், நீ ஹீரோயின் மெட்டீரியலே இல்லை, வேண்டுமானால் காமெடியனுக்கு ஜோடியாகப் போடலாம் என்கிற அர்த்தத்தில் பேசியதையும் சொல்கிறார்.

‘மெட்டீரியல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நம்மூரில் கொத்தனார் மணலையும் ஜல்லியையும் மெட்டீரியல் என்பார். மெட்டீரியலுக்குத் திறமை கிடையாது, தரம் மட்டும்தான் உண்டு. சலித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்பலாம். நடிக்க வந்த பெண்ணிடம் உனக்கு நடிக்கத் தெரியுமா என்ற கேள்வியே எழுப்பப்படவில்லை. கேட்டிருந்து, தெரியவில்லை என்று நிராகரித்திருந்தால் அது தொழில் சார்ந்த நிராகரிப்பு. இது அதுவல்ல.

இனி நம் பக்கம் வருவோம். மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ 2014இல் டொராண்டோ விழாவில் காட்டப்பட்டு 2015இல் இங்கு வெளிவந்தது. ஜெயிலில் இருக்கும் கணவனை வெளியே எடுக்கக் காசு சேர்க்கிற சேரிப்பெண், இரண்டு பையன்களின் அம்மா. படம் டொராண்டோ போனபோது ஐஸ்வர்யா ராஜேஷுக்கு வயது 24. பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன்களுக்கு அம்மாவாக இருக்கும் உடம்பு அவருடையதல்ல. அந்த உடம்பை அவர் செய்ய வேண்டியிருந்தது. இடுப்பில் விழும் களைப்பு, பையன்களிடம் பேசுகிற குரலுக்கும் பெரிய மனிதர்களிடம் பேசுகிற குரலுக்கும் உள்ள இடைவெளி, அழாமல் இருப்பதற்கான சிக்கனம் எல்லாம் யோசித்துக் கட்டப்பட்டவை. படம் வந்தபோது பாராட்டுக்குப் பஞ்சமில்லை. ‘இயல்பு’, ‘மண்ணின் முகம்’, ‘சேரிப்பெண்ணாகவே வாழ்ந்திருக்கிறார்’. முற்போக்கு நண்பர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இதுதான் அசல் தமிழ்ப்பெண்ணின் முகம் என்றார்கள். இவருடைய அப்பா தெலுங்குப் பட நடிகர் என்பதை அவர்களிடம் யார் சொல்வது?

என்னுடைய வாதம் இதுதான். ‘நீ ஹீரோயின் மெட்டீரியல் இல்லை’ என்ற இயக்குநரும், ‘நீதான் மண்ணின் முகம்’ என்ற விமர்சகரும் ஒரே வாக்கியத்தின் இரண்டு பாதிகளைத்தான் பேசுகிறார்கள். இருவருக்கும் நிறம் என்பது வர்க்கத்தின் குறி, பல நேரங்களில் சாதியின் குறி. முதலாமவர் அந்தக் குறியைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறார். இரண்டாமவர் அதே குறியைப் பார்த்துப் பின்கட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார். நடிகை என்கிற தொழிலாளி இருவர் கண்ணிலும் படுவதில்லை.

சந்தேகமிருந்தால் ‘கனா’வை (2018) எடுத்துக்கொள்ளுங்கள். அருண்ராஜா காமராஜ் இயக்கிய அந்தப் படத்தில் இதே ஐஸ்வர்யா ராஜேஷ் விவசாயி மகளாக, ஆஃப் ஸ்பின் பந்து வீசும் கிரிக்கெட் வீராங்கனையாக வருகிறார். அதற்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டார். உடனே எல்லோரும் ‘உழைப்பு’, ‘அர்ப்பணிப்பு’ என்று எழுதினார்கள். பந்தைச் சுழற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நமக்குத் தெரிகிறது. சேரியில் குடும்பம் நடத்தும் பெண்ணின் முதுகை, கையை, வசவைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் தெரிவதில்லை. அது அவளுக்குத் தானாகவே வரும் என்று நினைக்கிறோம். எப்படி வரும்? கறுப்பாக இருக்கிறாளே, வராமல் எப்படி?

இதன் மறுமுனையை நந்திதா தாஸ் சொல்லியிருக்கிறார். தில்லியில் சப்தர் ஹாஷ்மியின் ஜன நாட்டிய மஞ்சில் வீதி நாடகம் ஆடித் தொடங்கியவர், சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவர். கிராமத்துப் பெண், சேரிப்பெண் என்றால் அவர் நிறத்தைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லையாம். படித்த, மேல்தட்டுப் பெண் பாத்திரம் என்றால் மட்டும் இயக்குநரோ ஒப்பனைக்காரரோ தயங்கித் தயங்கி வந்து கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொள்ளலாமே என்பார்களாம். நிஜத்தில் அவரே படித்த, மேல்தட்டுப் பெண்தான் என்பது இங்கே எடுபடாது. அவரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளும் பெரும்பாலும் ‘கருநிற அழகி’ என்கிற மாதிரி ஒரு அடைமொழியோடுதான் தொடங்கும் என்கிறார். இவ்வளவு கறுப்பாக இருந்தும் எப்படி இவ்வளவு தன்னம்பிக்கை என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள். ‘இருந்தும்’ என்ற அந்த இடைச்சொல்லுக்கு மட்டும் தனியாக ஒரு உரை எழுதலாம்.

அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்த ‘அழகி’ (2002) நம் நடுநாட்டுப் படம். தங்கர் பச்சான் தன் ‘கல்வெட்டு’ சிறுகதையிலிருந்து எடுத்தது. பண்ணுருட்டிப் பக்கத்துச் செம்மண்ணும் பலாவும் பள்ளிக்கூடமும் அதில் இருந்ததால் எங்கள் பக்கத்தில் அந்தப் படத்துக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. எனக்கும் உண்டு. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. ‘அழகி’ என்று படம் யாருக்குப் பெயர் சூட்டுகிறதோ அந்தத் தனலட்சுமி எங்கே வைக்கப்படுகிறாள்? சின்ன வயசு நினைவில் அழகியாக. நிகழ்காலத்தில் நடைபாதைக்காரியாக, பிறகு பழைய காதலன் வீட்டில், வெளுத்த நிறமுடைய அவன் மனைவிக்குக் கீழே, வேலைக்காரியாக. அழகு என்ற பட்டம் தரப்படுகிறது, இடம் தரப்படவில்லை. படம் இதை அறிந்தேதான் துக்கப்படுகிறது என்று வாதிடலாம். எனக்கு அது பாதிதான் சரியென்று தோன்றுகிறது.

ஃப்ரான்ஸ் ஃபனான் 1952இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பு ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’. காலனியாதிக்கம் கறுப்பனின் தாழ்வை அவன் தோலுக்குள்ளேயே இறக்கிவிடுகிறது என்பது அவர் சொன்னது. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே தோலைப் படித்துவிடுகிறார்கள். தமிழ் சினிமா இதில் சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது: வெள்ளைத் தோல், கறுப்பு முகமூடி. ‘பரதேசி’யில் (2013) தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கும், ‘ஜெய் பீ’மில் (2021) இருளர் பெண் செங்கேணிக்கும் நிறத்தைக் கறுப்பாக்கி ஒப்பனை போடப்பட்டது. செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸின் நடிப்பில் குறை சொல்ல என்னிடம் எதுவுமில்லை. இருளர் மக்களோடு பழகித் தயாரானவர் அவர், அது திரையில் தெரிகிறது. நான் கேட்பது வேறு. சிவந்த நடிகை கறுப்புப் பூசிக்கொண்டால் ‘எப்படி மாறியிருக்கிறார்!’ என்று வியக்கிறோம். பூச்சு நடிப்புக்குச் சாட்சியாகிவிடுகிறது. பூசிக்கொள்ளத் தேவையில்லாத நடிகைக்கு அந்தச் சாட்சி கிடையாது. அவள் மாறவே இல்லையே, அப்படியே வந்து நின்றாள், அவ்வளவுதானே! ஆக, கறுப்புப் பாத்திரத்திலும் சிவந்தவளுக்குத்தான் நடிப்புக்கான மதிப்பெண் விழுகிறது. இருளர் மக்கள் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஏரிக்கரைகளிலும் ஊர்க்கோடிகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி நடிக்க ஆசைப்பட்டால் எந்த வாசலில் போய் நிற்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆண்களுக்குக் கணக்கு வேறு. ரஜினிகாந்த், விஜயகாந்த், முரளி, தனுஷ் என்று கறுப்புக் கதாநாயகர்களின் வரிசை நீளமானது. சேரனின் ‘வெற்றிக் கொடி கட்டு’ (2000) படத்தில் கறுப்பைக் கொண்டாடும் ஒரு பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. கொண்டாடப்படுவது ஆணின் கறுப்பு, கொண்டாடுபவள் சிவந்த பெண். ஷங்கரின் ‘சிவாஜி’யில் (2007) கதாநாயகன் காதலிக்காகத் தன்னை வெளுத்துக்கொள்ளப் படும் பாடு நகைச்சுவையாக்கப்படுகிறது. பாட்டில் ஒரு ஐரோப்பியப் பெண்ணின் தோல் நிறத்தைக் கணினி மூலம் எடுத்து ரஜினியின் உடம்பில் ஒட்டினார்கள். அது தொழில்நுட்பச் சாதனையாகப் பேசப்பட்டது. ரஜினியின் கறுப்பு அங்கே செல்லமான விளையாட்டு. அதே படத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் இரண்டு பெண்கள் முகத்தில் கரி அப்பியதுபோன்ற ஒப்பனையோடு வருகிறார்கள். அவர்களைப் பார்த்த மாத்திரத்தில் கொட்டகை சிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெயர்கள் அங்கவை, சங்கவை. புறநானூற்றில் பாட்டு இருக்கிற பாரி மகளிருக்கு மரபு சொல்லும் பெயர்கள். தமிழ் எம்.ஏ. படித்த எவருக்கும் அந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்காது. ஆனால் அப்போது கோபப்பட்டவர்களில் பலருடைய கோபம் தமிழ்ப் பெயரை இழிவுபடுத்திவிட்டார்கள் என்பதோடு நின்றுபோனது. வேறு பெயர் வைத்திருந்தால் சரியாகப் போயிருக்குமா?

இந்த இடத்தில் யாராவது சங்க இலக்கியத்தைக் கொண்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். கொண்டு வரட்டும், விஷயம் இருக்கிறது. அகப்பாடல்களில் ‘மாமை’ என்பது அழகின் நிறம். மாந்தளிர் போன்ற கருமை கலந்த மேனி. ‘மாயோள்’ என்றே தலைவிக்குப் பேர். அந்த நிறம் கெட்டு மேனி வெளுப்பதுதான் பசலை. அது பிரிவால் வரும் நோய். திருக்குறளில் அதற்கென்றே பசப்புறு பருவரல் என்று ஒரு அதிகாரம் உண்டு. நோய்க்குறியாக இருந்ததைத்தான் 1975 முதல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்று டியூபில் அடைத்து நமக்கு விற்றிருக்கிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் இதை வைத்துப் பொற்காலக் கதை கட்ட நான் தயாரில்லை. மாமையோ பசலையோ, பெண்ணின் தோலைப் பிறர் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். தாய் படிக்கிறாள், தோழி படிக்கிறாள், ஊர் படித்து அலர் தூற்றுகிறது. நிறங்களின் மதிப்பு தலைகீழாகியிருக்கிறதே தவிரப் படிப்பது நிற்கவில்லை.

படிக்கிற கண் எங்கே தயாராகிறது என்பதற்கு சினிமாவுக்குள் மட்டும் தேட வேண்டியதில்லை. நான் வசிக்கும் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. மனு கொடுக்க, தேர்வுக்கு விண்ணப்பிக்க என்று வருகிறவர்களுக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ தேவைப்படுவதால் ஸ்டுடியோக்களுக்கு வேலை ஓடும். ஒரு ஸ்டுடியோவில் காத்திருந்தபோது கவனித்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் ஆண்கள் படத்துக்கு எதுவும் கேட்கவில்லை, வெட்டி, அடுக்கி, அச்சுக்கு அனுப்பினான். பி.எட். விண்ணப்பத்துக்கு வந்த பெண்ணிடம், “அக்கா, லைட்டா பளிச்னு பண்ணிடவா?” என்றான். அவள் பதில் சொல்வதற்குள் கூட வந்த அம்மா, “பண்ணுப்பா, இதையே வரனுக்கும் குடுத்துக்கலாம்” என்றார். பையனுக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அன்பாகத்தான் கேட்டான்.

கருவியே இப்படித்தான் செய்யப்பட்டது என்பதும் ஒரு செய்தி. கோடாக் கம்பெனி ஃபிலிம் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’ என்ற வண்ண மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் முகம் சரியாக விழுந்தால் நிறம் சரி என்று பொருள். கறுப்பு முகங்கள் சேறாக விழுவது நெடுங்காலம் குறையாகவே எண்ணப்படவில்லை. ஃபிலிமைத் திருத்தச் சொல்லி நெருக்கியவர்களில் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும் முக்கியமானவர்கள் என்பது அந்தக் கம்பெனியின் வரலாற்றிலேயே பேசப்படும் விஷயம். அவர்கள் சரக்கின் பழுப்பு நிறம் விளம்பரத்தில் எடுபடவில்லையாம். சாக்லேட்டுக்குக் கிடைத்த நியாயம்!

சரி, எதிர்ப்பு என்ன ஆயிற்று? சென்னையில் 2009இல் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நந்திதா தாஸ் அதன் முகமானார். 2019இல் முகப்பூச்சு விளம்பரம் ஒன்றில் நடிக்க மறுத்ததாக சாய் பல்லவி சொன்னது பெரிய செய்தியானது. 2020இல் ஹிந்துஸ்தான் யூனிலீவர் ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குளோ அண்ட் லவ்லி’ என்று பேர் மாற்றியது. டியூப் கடையில் அதே இடத்தில்தான் தொங்குகிறது. இவற்றில் எதையும் நான் சிறுமைப்படுத்தவில்லை. சாய் பல்லவியின் மறுப்பு நல்ல காரியம். ஆனால் மறுப்பதற்கு முதலில் கூப்பிடப்பட வேண்டும். மெட்டீரியலே இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு மறுக்கும் பெருமையும் கிடையாது.

‘கறுப்பும் அழகே’ என்பதில் எனக்குள்ள சிக்கலும் இதை ஒட்டியதுதான். அழகு என்ற நாற்காலியைக் காலி செய்யாமல், அதில் இன்னொருத்தியையும் உட்காரவைக்கச் சொல்கிறது அது. ஐஸ்வர்யா ராஜேஷின் உரையை மறுபடி கேளுங்கள். தன்னை அழகி என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி அவர் கெஞ்சவில்லை. ‘காக்கா முட்டை’க்குப் பிறகும் பெரிய நாயகர்களின் படங்கள் அநேகமாகத் தன்னைத் தேடி வரவில்லை, சரி, படத்தைத் தானே தாங்குவது என்று முடிவெடுத்து ‘கனா’வுக்குப் போனேன் என்கிற மாதிரிச் சொல்கிறார். அது வேலை கேட்கிற குரல். வேலைக்குரிய மரியாதையைக் கேட்கிற குரல். உரையைப் பகிர்ந்தவர்கள் அதைத் தன்னம்பிக்கைக் கதையாக்கி அனுப்பினார்கள். கூத்துப்பட்டறையில் தேர்ந்த கலைராணி போன்றவர்களை இந்த சினிமா எத்தனை காலம் ஓரத்துப் பாத்திரங்களில் நிற்கவைத்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

நடிப்பை வேலையாகப் பார்க்கும் கண் நம்மிடம் இல்லாமலில்லை. எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் ராத்திரி கூத்து நடக்கும். பாஞ்சாலிக்கு ‘கிருஷ்ணை’ என்றும் பெயர், கறுத்தவள் என்று அர்த்தம். நான் பார்த்த கூத்துகளில் அந்தக் கறுத்தவளுக்கும் வெளுத்த ரோஸ் நிறம்தான் பூசியிருந்தார்கள். அதனால் கூத்தைச் சொர்க்கமாக்கிப் பேச நான் வரவில்லை. பெண்களையே மேடையேற்றாமல் வைத்திருந்த கலை அது. காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில்தான் பெண் பிள்ளைகளும் முறையாகக் கற்று, துரியோதனன் போன்ற வேடங்களும் கட்டினார்கள். 2020இல் அதுவும் மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஒன்று இருக்கிறது. ஒப்பனைக்குக் கூத்தில் வழங்கும் பெயர் அரிதாரம், அது ஒரு மஞ்சள் கல்லின் பெயர். பூசுவது பூச்சுதான் என்பதை அந்தச் சொல் மறைப்பதில்லை. நாற்பது வயசு ஆம்பளை, வெத்திலைக் கறை பல்லோடு, பாஞ்சாலியாக வந்து சபையில் நிற்கிறான். அவன் வாழ்ந்தான் என்று யாரும் சொல்வதில்லை. துகிலுரியும் கட்டத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு சாமி வருகிறது. மறுநாள் காலையில் டீக்கடையில் பேச்சு இப்படிப் போகும்:

“நேத்து பாஞ்சாலி கட்டுனவன் பரவால்ல. ஆனா கண்ணனக் கூப்புடற எடத்துல தொண்ட ஒடைஞ்சிடுச்சி பாத்தியா?”

“ஒடையலய்யா. அவன் ஒடச்சான். போன வருசம் மேலாரணி பக்கம் அவன் ஆட்டம் பாத்தேன், அதே எடத்துல அதே மாதிரி ஒடச்சான்.”